தேத்தாவடிக்காரரின் தறப்பாள்

2013 மே 20, திங்கள்

ஓர் ஆட்டத்திலும் தோற்காத அணியை விட்டுவிட்டு, அதனிடம் தோற்ற அணியை இறுதிக் கிண்ணத்துக்குக் கூப்பிடலாமா? எனக்கு விடை தெரியவில்லை. ‘கூடாது’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை நின்றுவிட்டது.

மழை. விடுமுறை. மே மாதக் குளிர் மாதிரி இல்லை. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது.

பங்குனியிலிருந்து ஞாயிறுதோறும் எட்டுத் தமிழ் அணிகள் உதைபந்தாட்டம் ஆடி நேற்றோடு முடிந்தது. ஊர்க் கழகங்களும் பழைய மாணவர் கழகங்களும். இனி நிர்வாகக் குழு நான்கு அணிகளைக் கிண்ணத்துக்கு ‘அழைக்கும்’. புள்ளிகள் மட்டும் போதாது. விதியில் மூன்று சொற்கள்: திறமை, ஒழுக்கம், மக்கள் ஆதரவு. மூன்றாவதை யார் சேர்த்தார் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. குழுவில் ஐந்து பேர். நான் ஒரே பெண். மைதானம் கேட்டு நகரசபைக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுத ஆள் தேவைப்பட்டதால் சேர்த்தார்கள்.

மூன்று இடங்களில் சிக்கல் இல்லை. மிச்சம் ஒன்று. தேத்தாவடி, ஓர் ஆட்டமும் தோற்கவில்லை, புள்ளிப்படி இரண்டாவது. எல்லோரும் அந்தப் பெயருள்ள வன்னி ஊர்ப் பெடியள், வந்து இரண்டு மூன்று வருடம். அல்லது யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் கழகம் ஒன்று, புள்ளிப்படி ஐந்தாவது. தேத்தாவடியிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றவர்கள். ஆனால் அவர்களுக்கு இரண்டு பஸ் நிறையச் சனம் வரும்.

தே. அணிக்கு ஒருவரும் வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் கோட்டுக்கு வெளியே பெரிய நீலப் பிளாஸ்ரிக் தறப்பாள் ஒன்றை விரிக்கிறார்கள். பறக்காமல் இருக்க நாலு மூலைக்கும் கழற்றிய சப்பாத்து. பார்க்க வருகிற ஊர்ச்சனத்துக்கு விரிப்பது ஊரிலிருந்தே அந்தக் கழகத்தின் வழக்கமாம். ஆட்டக்காரர் அதில் இருப்பதில்லை. இடைவேளையில்கூட ஈரப் புல்லில்தான்.

நேற்று நான் பந்தைப் பார்க்கவில்லை, தறப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் காற்றுப் புகுந்து நடுவில் கொஞ்சம் எழும்பி அமர்ந்தது. யாரோ காலை மாற்றி வைத்து இருப்பது போல.

மே 22, புதன்

வேலை முடிந்து லா சப்பல், தமிழ்க் கடைத்தெரு. கத்தரிக்காய், கீரை, தூள். கறிவேப்பிலை முடிந்துவிட்டது.

கடை பாலா அண்ணையுடையது. குழுத் தலைவரும் அவர்தான். வெள்ளிக்கிழமை யாருக்கு வாக்கு என்று கேட்டார். புள்ளிக்கு என்றேன். நிறுவையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, நியாயம் எனக்கும் விளங்குது. ஆனால் ரெண்டு பஸ் சனம் வந்தால்தான் கொத்துரொட்டிக் கடை ஓடும். அந்தக் காசு எங்கை போகுது? தாய் தேப்பன் இல்லாத வன்னிப் பிள்ளையளுக்குத்தானே. நான் என்ன வீட்டை கொண்டுபோறனோ?”

கொண்டுபோவதில்லை. எனக்குத் தெரியும். அதுதான் தொல்லை. வன்னிப் பிள்ளைகளுக்காக வன்னி அணியை விடவேண்டும் என்கிற கணக்கில் பிழை எங்கே இருக்கிறது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

வாழைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர்: “அந்தத் தறப்பாளுக்கும் ஒரு டிக்கெட் வெட்டுங்கோ அண்ணை.” இரண்டு பேர் சிரித்தார்கள். பாலா அண்ணை சிரிக்கவில்லை.

வெளியே மெத்ரோப் படிக்கட்டடியில் நிமலன். தே. அணித் தலைவன். முப்பது வயது இருக்கும். உணவகத்தில் கோப்பை கழுவுகிறான், புறநகர்க் கார்ஜில் நாலு பேரோடு ஓர் அறை. எனக்காகத்தான் நின்றிருக்கிறான். தேநீர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

அவன் சொன்னது: அவனுக்குத் தம்பி ஒருவன், ஊரில் கழகத்தின் கோல் காப்பாளன். சண்டையின் கடைசி நாட்களில் சனத்துக்குள் கைதவறிப் போனவன். செத்ததைக் கண்டவர் இல்லை. இருந்தால் ஏதாவது ஒரு நாட்டில் வேறு பெயரில் இருப்பான். கிண்ணத்து ஆட்டங்கள் மட்டும்தான் இணையத்தில் நேரடியாகப் போகும், கனடா, சுவிஸ், அவுஸ்திரேலியா எல்லாம் பார்க்கும். பந்தாட்டம் என்றால் அவன் எங்கிருந்தாலும் பார்ப்பானாம்.

படத்தைப் போட்டு நீங்களே தேடலாமே தம்பி என்றேன்.

“என்ரை பேரோ படமோ போட்டால் ஊரிலை ஆமிக்காரராலை அம்மாவுக்குக் கரைச்சல் அக்கா. கழகத்தின்ரை பேரெண்டால் ஒருத்தரும் கேளாயினம். அவனுக்கு மட்டும் விளங்கும்.”

நம்பவில்லை. அதாவது, தம்பி இருப்பதை. சொல்லவில்லை. குழுவில் இதைச் சொன்னால் எல்லோரும் வாக்களிப்பார்கள் என்றேன். தலையாட்டி மறுத்தான்.

“இதைச் சொல்லி இடம் வாங்க வேண்டாம். நாங்கள் விளையாடித்தானே வந்தனாங்கள்.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மே 24, வெள்ளி

கூட்டம், பாலா அண்ணையின் கடைப் பின்னறையில். அரிசி மூட்டைகள் மீது நாலு பேர், எனக்கு மட்டும் கதிரை. பொருளாளர் குலம் வடை கொண்டுவந்தார், உறைப்பு.

பேசினேன். நான் நினைத்ததைவிட நீளமாக. ஆதரவைப் பார்ப்பதென்றால் வரக்கூடிய சனம் எவ்வளவு என்பதையும் பார்க்கவேண்டும், இந்தப் பெடியளின் ஊரில் எத்தனை பேர் மிச்சம் என்று இங்கே யாருக்காவது தெரியுமா என்றேன்.

பாலா அண்ணை கோபப்படவில்லை. உண்மையாகவே கேட்டார்: “வரேலாத சனத்தை எப்பிடித் தங்கச்சி எண்ணுறது?”

குளிர்ப்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. நிமலனின் தம்பி என் நாக்கு நுனியில். விழுங்கினேன்.

வாக்கு: மூன்றுக்கு இரண்டு. நானும், நான் எதிர்பார்க்காத குலமும் ஒரு பக்கம். பழைய மாணவர் கழகத்துக்கு அழைப்பு. நகரசபைக்கு எழுத வேண்டிய கடிதம் என் தலையில்.

மே 25, சனி

நிமலனுக்குத் தொலைபேசினேன். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம். சொன்னேன். கேட்டான்:

“நீங்கள் அதைச் சொல்லேல்லைத்தானே அக்கா?”

“சொல்லேல்லை.”

“சரி.”

சரி என்றான். எனக்குத்தான் சரியாயில்லை. வாக்கைக் காப்பாற்றியது ஒழுக்கமா, வசதியா? வாக்கை மீறியிருந்தால் இரக்கத்தில் கிடைத்த இடம். அதுவும் ஓர் இடம். கழகத்தின் பெயர் இணையத்தில் வெளியே போயிருக்கும்.

உடுப்புத் தோய்த்தேன். குழாய்க்காரர் வரவில்லை.

மே 28, செவ்வாய்

அலுவலகத்துக்கு எதிர்க் கட்டடத்தில் திருத்த வேலை. சாரத்தைச் சுற்றிப் பெரிய பிளாஸ்ரிக் விரிப்பு. நாள் முழுக்கக் காற்றில் அடித்தது. யன்னலைச் சாத்தினேன். புழுக்கம். பக்கத்து மேசைக்காரி திறந்தாள். மறுபடி சாத்தினேன். என்ன என்று கேட்டாள், தலையிடி என்றேன்.

சுமதி. பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் ஒரே அறை. பிறகு வன்னியில் கணித ஆசிரியை. 2009 தை மாதம், சண்டைக்குள் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது, யாருடையதோ தொலைபேசியில் எனக்கு எடுத்தாள். ஐந்து நிமிடம் இருக்குமா? என்ன பேசினாள் என்று எவ்வளவு யோசித்தாலும் வருகுதில்லை. அவளுக்குப் பின்னால் தறப்பாள் காற்றில் அடித்த சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதுதான் கடைசி.

நிமலனின் தம்பியை நம்பாதவள், சுமதியின் இலக்கத்தை இன்னும் அழிக்கவில்லை. அது அவளுடைய இலக்கமும் இல்லை.

ஜூன் 1, சனி

மைதானச் சாவி எடுத்தாயிற்று. கிண்ணம் குலம் வீட்டில். தண்ணீர்ப் போத்தல், முதலுதவிப் பெட்டி. கூடாரம் ஒன்றுதான் கிடைத்தது, அது கொத்துரொட்டிக் கடைக்கு. நாளை மழை இல்லை என்கிறார்கள்.

தே. பெடியள் சண்டைக்கு வருவார்கள் என்று குலத்துக்குப் பயம். வரவே மாட்டார்கள் என்றேன். ஏன் வரவேண்டும்? நானென்றால் வரமாட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

நடந்தது மட்டும்.

காலை வெயில். தே. பெடியள் வந்தார்கள், எல்லோரும். வழக்கமான இடத்தில் தறப்பாள், மூலைக்குச் சப்பாத்து. புல்லில் இருந்து ஆட்டம் பார்த்தார்கள், நல்ல பந்துக்குக் கை தட்டினார்கள். பழைய மாணவர் கழகத்துக்கு இரண்டு பஸ்ஸும் வந்தது. கொத்துரொட்டி இரண்டு மணிக்கே முடிந்தது. பாலா அண்ணை சொன்னது சரி.

இறுதி ஆட்டம் பாதியில் மழை. சனம் மரங்களுக்குக் கீழே ஓடியது. நேரடி ஒளிபரப்புக் கமராவும் ஒலிபெருக்கிப் பெட்டியும் மேசையில், மேலே ஒன்றும் இல்லை. மைதானத்தில் பெரிய விரிப்பு ஒன்றுதான் இருந்தது. பாலா அண்ணை தலை நனைய அவரே போனார். நான் பின்னால்.

“தம்பியவை, அதை ஒருக்காத் தருவியளோ. கமரா நனையுது.”

நிமலன் குனிந்து சப்பாத்துகளை எடுத்தான். நாலு பேர் நாலு மூலையில் பிடித்துக் கொண்டுவந்து மேசைக்கு மேலே உயர்த்திக் கூரையாக நின்றார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

ஒலிவாங்கியில் இருந்தவர் மரியாதை தெரிந்தவர். “தறப்பாள் தந்துதவிய தேத்தாவடி விளையாட்டுக் கழகத்துக்கு நன்றி” என்றார். ஒரு தடவை.

இரண்டு கையும் தலைக்கு மேலே. முகத்தில் தண்ணீர் வழிகிறது, துடைக்க முடியாது. நிமலன் என்னைப் பார்த்தான்.

“அக்கா, இது வெளியிலை போகுதோ?”

கமராக்காரரைக் கேட்டேன். சத்தம் போகிறதாம். தறப்பாள் தாழ்ந்து கமராவை மறைக்கிறது, படம் வராது என்றார்.

“சத்தம் போகுது” என்றேன்.

கிண்ணம் யாருக்கு என்று எழுதத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமல் பதிவைப் பார்த்தேன். அந்த இடம். திரை முழுக்க நீலம். மழை. தறப்பாள் அடிக்கிற சத்தம். அதற்குள் தேத்தாவடி என்ற பெயர். திருப்பித் திருப்பிக் கேட்டேன். படத்துக்குக் கீழே, பார்த்தவர்கள் கருத்து எழுதலாம். அந்த நேரத்துக்கு ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: ‘படம் தெரியேல்லை.’

நிமலன் தொலைபேசியில் எடுத்தான். யாராவது ஏதும் எழுதினார்களா என்று கேட்டான். வாசித்தேன்.

“எந்த நாட்டிலையிருந்து அக்கா?”

நாடு போடவில்லை என்றேன்.