பச்சை மையில் எழுதிய விண்ணப்பம்

சங்கராபுரம் சாலையை அகலமாக்குகிறார்கள். இரண்டு பக்கமும் நின்ற புளிய மரங்களை அறுத்துத் தள்ளுகிறார்கள். போன வாரம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக அந்த வாடை வந்தது. பச்சைப் புளிய மரத்தை அறுத்தால் வருமே, கொஞ்சம் புளிப்பாக, கொஞ்சம் ஈரமாக, அது. மூக்கில் ஏறியதும் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டே விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார். "உங்கள இல்லீங்க" என்றேன். வீடு வந்து சேர்ந்த பிறகும் நீ விடவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போன இடத்துக்குத் தபால் போகாது என்று தெரியும். தபாலை நம்பி நீ எந்தக் காலத்தில் இருந்தாய்?

கள்ளக்குறிச்சிப் பள்ளியில் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. நீ கரியாலூரை அடுத்த மலைக் கிராமத்துக்காரி, விடுதியில் தங்கிப் படித்தவள். நான் கீழ்நாட்டுக்காரி. எங்கள் ஊர் சங்கராபுரம் தாண்டி, மூங்கில்துறைப்பட்டுக்கு இந்தப் பக்கம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிற குடும்பம். நான் வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நீ பேசினால் பெஞ்சில் இருக்கிற எனக்கே கேட்காது. பன்னிரண்டாவது தேறியதும் இருவரும் திருவண்ணாமலையில் கல்லூரி சேருவது என்று பேசி வைத்தோம். என் விண்ணப்பத்தை அப்பா முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். உனக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பதற்குள் நாள் கரைந்துவிட்டது. காட்டு வேலையைப் போட்டுவிட்டு உன் அப்பா மலைக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையாய் நடந்தார். சான்றிதழ் அவர் கைக்கு வந்த அன்று, விண்ணப்பம் போய்ச் சேர மறுநாள்தான் கடைசி.

நகல்களில் சான்றொப்பம் வாங்கத் தலைமையாசிரியை அம்மாவிடம் போனோம். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியவர், விண்ணப்பத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாம்மா இது? முழுக்கப் பச்சை மைல எழுதி வெச்சிருக்க?"

நீ என்னவோ முணுமுணுத்தாய். வழக்கம்போல நான்தான் அதை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் உன் அப்பா பெட்டியில் வைத்துப் பூட்டுகிற தாள்கள் எல்லாவற்றிலும் கையெழுத்து பச்சையில்தான் இருக்கும். நிலத்துத் தாளா, சான்றிதழா, எதுவானாலும் பச்சை இருந்தால்தான் செல்லும் என்பது மலையில் எல்லாரும் அறிந்த விஷயம். அதனால் நீ யாரிடமோ பச்சைப் பேனாவை இரவல் வாங்கி, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தாக எழுதி முடித்திருந்தாய்.

அம்மா சிரிக்கவில்லை. "பச்சை மை ஆபீசருங்க கையெழுத்துக்கும்மா. இத வாங்கிக்கினாலும் வாங்கிக்குவாங்க, தூக்கி அந்தாண்ட போட்டாலும் போடுவாங்க. நீ வுட்டுப் பாக்கப் போறியா? நேரா போயி வேற பாரம் வாங்கி எழுதிக் குடு" என்றார்.

வெளியே வந்ததும் நான் சிரித்த சிரிப்பு உனக்கு நினைவிருக்கும். "இன்னாடி, காலேஜுக்குச் சேரப் போறியா, கலெக்டரா போறியா?" என்றேன். உன் முகம் போன போக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் பஸ் ஓடுமா என்பதே சந்தேகம் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். உன்னை விடுதிக்கு அனுப்பாமல் என் ஊருக்கு இழுத்து வந்தேன். அங்கிருந்து பாதி வழி மிச்சம் என்பது என் கணக்கு.

எங்கள் பக்கத்து ஜனங்கள் இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எப்போது சாலை அடையும், எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. என் அண்ணன் அதில் முன்னால் நிற்கிற ஆள். பள்ளியில் நன்றாகப் படித்தவன்தான். மேலே படிக்க இடம் கிடைக்காமல் கரும்புக் காட்டுக்குத் திரும்பினவன். அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். விடிந்து பார்த்தால் அவன் படுக்கை காலி. சுவரோரம் சாத்தியிருக்கும் கோடாலியும் இல்லை. பஸ் வராது என்று புரிந்துவிட்டது.

நீ திண்டாடிப் போய் நிற்பாய் என்று நினைத்தேன். முகம் கழுவி, தலை வாரி, சான்றிதழ்களை உரச்சாக்கிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "நடந்து போலாமா?" என்று கேட்டாய். திருவண்ணாமலைக்கு நடக்கவாம். மலைக்காரிக்கு அது பெரிய விஷயமில்லை போல. நான் அப்பாவிடம் போய் வண்டி கேட்டேன். வழக்கத்தைவிடச் சத்தமாகவே கேட்டேன். அவர் முறைத்தார், அப்புறம் மாட்டைப் பூட்டிக் கொடுத்தார். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற வண்டியை நான் சின்ன வயதிலிருந்தே ஓட்டுவேன். பெரிய சாலைப் பக்கமே போகாமல் கரும்புக் காட்டு வண்டிப் பாதையிலேயே போனோம். இரண்டு பக்கமும் தோகை கையைக் கீறியது. நீ வழி நெடுக இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய்.

ஆலைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டிப் பாதை சாலையில் ஏறியே ஆக வேண்டும். அங்கேதான் கிடந்தது மரம். சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பெரிய புளிய மரம், வெட்டுவாயில் இன்னும் ஈரம் காயவில்லை. ஆட்கள் அடிமரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் என் அண்ணன். என்னைப் பார்த்ததும் அவனுக்கு வெட்கமா கோபமா, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"எங்கடி வந்த? வண்டியத் திருப்பு" என்றான்.

நான் கத்தினேன். இன்றுதான் கடைசி நாள், விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், மரியாதையாக வழி விடு என்று கத்தினேன். அவனும் கத்தினான். ஒருத்தருக்கு வழி விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும் என்றான். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் சண்டை போடுவது போலவே நடுரோட்டில் போட்டோம். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

அப்போது தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் உன்னைக் கையைக் காட்டிக் கேட்டார். "இது யாரு, மலைக்காரப் பொண்ணா? உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒதுக்கி வெச்சிருக்காங்களே. இல்லாதவங்க நாங்க குந்திக்கினு கீறோம். உனக்கு இன்னாம்மா அவசரம்?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் சுற்றி இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வாய் அடைத்துப் போனது. நீ வண்டியை விட்டு இறங்கி அவர் முன்னால் போய் நின்றாய்.

"ஒதுக்கி வெச்சிருக்காங்கங்க. எடுத்துக்கத்தான் ஆளு இல்லீங்க" என்றாய். உன் குரல் அவ்வளவு தூரம் கேட்டது அன்றுதான் முதல் தடவை. "எங்க பக்கத்துல பன்னண்டாவது தாண்டுன பொண்ணு நான் ஒருத்திதாங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நான் போவலன்னா, அந்த எடம் இந்த வருசமும் சும்மாவே கெடக்கும். நீங்க கேக்கறது உங்களுக்குக் கெடைக்கணுங்க. கெடைச்ச பின்னால உங்க வூட்டுப் பொண்ணுங்களும் இப்படித்தான் காயிதத்த எடுத்துக்கினு இதே ரோட்டுல ஓடியாருவாங்க. அவங்களுக்கு யாராவது வழி வுடணும் இல்லீங்களா?"

பெரியவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் வீட்டில் பெண் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். "ஏ தம்பி, அந்தாண்ட பால் வண்டி நிக்குது பாரு. திருவண்ணாமலைக்குத்தான் திரும்புது. பொண்ணுங்கள ஏத்திக்கினு போவச் சொல்லு. வழியில யாராவது நிறுத்துனா நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். உனக்குக் கை கொடுத்து மரத்தின் மேல் ஏற்றிவிட்டது என் அண்ணன். "பாத்து, பட்டை வழுக்கும்" என்றான். நான் மாட்டுக் கயிற்றை அவன் கையில் திணித்து, "வண்டிய நீயே ஓட்டிக்கினு வூடு போய்ச் சேரு" என்றேன். அன்று உன்னைப் பார்த்து எனக்கு வந்த கர்வத்தை நான் கடைசி வரை உன்னிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பாய்.

பால் கேன்களுக்கு நடுவில் நின்றபடி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தோம். கல்லூரி ஆபீஸ் ஜன்னலை மூட எழுந்த எழுத்தர் நம் கோலத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்தா, இன்றைக்கா என்று கேட்டார். புது விண்ணப்பத்தை வாங்கி, தரையில் உட்கார்ந்து, நீல மையில் எழுதினாய். எழுத்து கோணியது. முதலில் எழுதியது எவ்வளவு அழகு என்று எனக்கு வயிறு எரிந்தது. அவர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்ட பிறகு நீ சும்மா இருக்காமல் அந்தப் பச்சை விண்ணப்பத்தை எடுத்து ஜன்னலில் நீட்டினாய்.

"இது செல்லுமாங்க?"

அவர் புரட்டிப் பார்த்தார். "ஏன், நல்லாத்தான எழுதிக் கீற? எந்த மையா இருந்தா இன்னா?" என்றார்.

நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்லூரி வாசலில் கிடந்த கருங்கல்லில் உட்கார்ந்து, வயிறு வலிக்கும் வரை சிரித்தோம். பச்சையோ நீலமோ, அன்று யாரும் நேரில் போகாமல் எந்த விண்ணப்பமும் போய்ச் சேர்ந்திருக்காது. பஸ்ஸோடு தபால் பையும் நின்ற இடத்திலேயேதான் நின்றது.

இருவருக்கும் இடம் கிடைத்தது. நான் படித்து முடித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குப் போனேன். நீ மேலும் படித்து, ஆசிரியையாகி, மலைக்கே திரும்பிப் போனாய். கீழே மாற்றல் வாங்கித் தருவதற்கு ஆள் இருந்தும் நீ வாங்கவில்லை. வருஷா வருஷம் விண்ணப்பக் காலத்தில் மலைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவாய். எல்லாரையும் கடைசி நாளுக்கு முந்தின நாளே கொண்டுவந்து சேர்த்துவிடுவாய். வேலை முடிந்ததும் என் வீட்டில் அத்தனை பேருக்கும் சாப்பாடு. நீ தலைமையாசிரியை ஆனபோது எனக்குப் போன் பண்ணி, "இன்னிக்கு மொத கையெழுத்து போடறேன், வந்து பாரு" என்றாய். அடித்துப் பிடித்து மலை ஏறி வந்தேன். ஒரு பெண்ணின் சான்றிதழ் நகலில், பச்சை மையில், சாவதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய். நான் கேலி செய்வேன் என்று நினைத்தாய். நான் அந்த நகலை வாங்கி, மை காயும் வரை ஊதிக் கொடுத்தேன்.

நோய் வந்ததும் நீ சீக்கிரம் போய்விட்டாய். மருத்துவமனையில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாள்களில் நாம் எவ்வளவோ பேசினோம். பள்ளியைப் பற்றியோ அந்தப் பெண்களைப் பற்றியோ நீ ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வருஷம் விண்ணப்பக் காலம் வந்தது. இப்போது எல்லாம் கணினியில்தான். மலையில் சிக்னல் கிடைக்காமல் பெண்கள் கள்ளக்குறிச்சிக்குத்தான் இறங்க வேண்டும். யார் கூட்டி வருவார்கள் என்ற நினைப்பு என்னைத் தின்றது. யாரிடமும் சொல்லாமல், கடைசி நாளுக்கு முந்தின நாள் முதல் பஸ்ஸில் கரியாலூர் போய் இறங்கினேன். பெண்களைத் தேடி வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர்கள் பஸ் நிற்கிற இடத்திலேயே, கையில் சான்றிதழ் உறைகளோடு, தயாராக நின்றிருந்தார்கள்.

"யாருக்காகம்மா நிக்கிறீங்க?" என்றேன்.

"உங்களுக்குத்தாங்க பெரிம்மா" என்றாள் ஒருத்தி. "டீச்சர் சொல்லி வெச்சிருந்தாங்க. கடைசி நாளுக்கு மொத நாளு இங்க வந்து நில்லுங்க, நான் இல்லன்னா கீழேருந்து ஒருத்தி வருவா, கத்திக் கத்திப் பேசுவா, பயந்துக்காதீங்கன்னு சொன்னாங்க."

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் வருவேனா என்று உனக்குச் சந்தேகம்கூட வரவில்லை. என்னை இப்படி நம்பியவர்கள் என் வாழ்க்கையில் வேறு யாரும் இல்லை. அவர்களை வரிசையாகப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கடைசியாக நான் ஏறினேன். இவ்வளவு பெண்களும் யார் என்று நடத்துநர் கேட்டார்.

"எங்க வூட்டுப் பொண்ணுங்க" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி.