தகரக் குதிரைவீரன்

17.8.1997, ஞாயிறு

உடுமலையிலிருந்து தங்கச்சி வசந்தி மகளோடு வந்திருந்தாள். நான் தேடித்தேடிச் சேர்த்த பழைய பொம்மைகளோடு வைத்திருந்த தகரக் குதிரைவீரனைக் குழந்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டாள். வெடுக்கென்று பிடுங்கினேன். தகரம் கீறி அவள் விரலில் ரத்தம் வந்தது. நான் முதலில் பார்த்தது பொம்மையைத்தான்.

குழந்தை அழவில்லை. "இது ஓடுங்களா மாமா?" என்று கேட்டாள்.

வசந்தி முந்தானையால் அவள் விரலைச் சுற்றினாள். "சின்னதுல அத நாம ரெண்டு பேருந்தான வெச்சு வெளையாண்டமுங்கண்ணா," என்றாள். அப்புறம் எவ்வளவு சொல்லியும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரை நானும் கூடப் போனேன். பஸ் ஏறும்போது, "வாரேனுங்க மாமா," என்றது குழந்தைதான். வசந்தி திரும்பிப் பார்க்கவில்லை.

நாளைக்கே உடுமலை போகவேண்டும். எந்த முகத்தோடு போவதென்றுதான் தெரியவில்லை.