பயிருக்குப் பக்கத்தில் அண்ணன்

டிச. 8, திங்கள்
மழை விட்டது. ஆறு நாளாக சம்பா நெல் கதிரோடு முங்கிக் கிடக்கிறது. தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நிற்பது களைப்புல் மட்டும். அதற்கு மட்டும் எந்த வெள்ளத்திலும் சாவு வராது. தெருவில் கரண்ட் இல்லை. அனல் மின் நிலையத்துப் புகை மட்டும் நன்றாகத் தெரிகிறது.

வேலை: மடை வெட்ட. மண்வெட்டிக் காம்பு மாற்ற. வைக்கோல் காயப்போட (எங்கே?).

வி.ஏ.ஓ. வந்தார். நிவாரணம் உண்டாம். பட்டாதாரர் பாழான பயிரைக் கையில் பிடித்தபடி வயலில் நின்று படம் எடுக்க வேண்டுமாம்.

"பட்டா உங்கண்ணன் பேர்லதானே? அவர வரச் சொல்லும்மா."

பன்னிரண்டு வருஷமாக நட்டது நான். அண்ணன் வருவது பொங்கலுக்கு, அரிசி எடுத்துப்போக.

டிச. 10, புதன்
அண்ணன் நகரியத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். மைன்ஸில் பர்மனென்ட். குவார்ட்டர்ஸ் வீடு, இஸ்திரிச் சட்டை. செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை, என் மேல்தான்.

வி.ஏ.ஓ.: "கொஞ்சம் தள்ளி நில்லும்மா. படத்துல வுழுற."

அண்ணன் குனிந்து ஒரு பிடி பிடுங்கினார். அத்தனையும் களைப்புல். இருபது வருஷ ஷிஃப்டில் நெல் மறந்துபோயிற்று. வி.ஏ.ஓ.வுக்குப் போன் மேலேயே கண். நான் பார்த்தேன். சொல்லவில்லை.

கிளம்பும்போது கேட்டேன். "வி.ஏ.ஓ.வோட அடங்கல் கணக்குல, பயிர் வெக்கிறது யாருன்ற எடத்துல எம்பேர எழுதச் சொல்லுண்ணே. பணம் என் கைக்கு வந்தாதான் உளுந்து வெதைக்க முடியும்."

"இன்னிக்கு பேரு கேப்ப, நாளைக்கு நெலத்தையே கேப்ப. வந்ததும் நானே பாத்து குடுக்கறேன்."

பார்த்துக் கொடுப்பாராம். போன வெள்ளத்துக்குப் பார்த்துக் கொடுத்தது ஒரு புடவை. அண்ணிக்குப் பிடிக்காத கலர்.

டிச. 15, திங்கள்
வெயில். வயல் நாறுகிறது. கரண்ட் வந்தது.

படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இது நெல்லே இல்லை, களை, அதுவும் செழிப்பாக இருக்கிறது, இதற்கு எதற்கு நிவாரணம் என்று ஆபீசில் கேட்டார்களாம். புரையேறச் சிரித்தேன். பிறகு அழுகை. பணம் வராவிட்டால் உளுந்து கிடையாது. மறுபடி முந்திரிக் காட்டில் கூலிக்குத்தான் போகணும்.

அண்ணன் போனில் கத்தினார். "பக்கத்துலதானே இருந்த? வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"படத்துல வுழக்கூடாதுன்னு தள்ளி நின்னுகினு இருந்தேன்."

டிச. 17, புதன்
படம் அனுப்ப நாளை கடைசி நாள். அண்ணன் மத்தியானமே வந்துவிட்டார். இந்த முறை அவரே படம் எடுத்து அனுப்பலாமாம். தண்ணீர் வடிந்துவிட்டது. நெல்லும் புல்லும் பின்னிக்கொண்டு, சேறு அப்பி, எல்லாம் ஒரே நிறம்.

நான் வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் செருப்பு அவர் கழற்றிய இடத்திலேயே கிடக்கிறது.

"நெல்லு எதுன்னு காட்டு."

"வி.ஏ.ஓ.வுக்குப் போன் போடு. அடங்கல்ல எம்பேரு ஏறட்டும். காட்றேன்."

"திமிருடி உனக்கு."

ஆமாம், திமிர்தான். வயலில் இறங்கினார். ஒரு பிடி பிடுங்கித் தூக்கிக் காட்டினார். "இதா?"

நான் நோட்டைப் பிரித்தேன்.

இன்னொரு பிடி. "இதா?"

மணி நாலு. இதை வரப்பிலிருந்தே எழுதுகிறேன். இன்னும் குனிந்துதான் நிற்கிறார்.