வீட்டுக்காரர் எங்கம்மா?

பாப்பாவின் அப்பாவுக்கு,

குடியை விட்டால்தான் பாப்பாவைக் காட்டுவேன் என்றீர்கள். குடியை நிறுத்த நினைப்பவர்கள் கொடைக்கானலில் வாராவாரம் கூடுகிறார்கள், நேற்று போனேன். எல்லாரும் ஆண்கள். வாசலில் நின்றவர், "ஒங்க வீட்டுக்காரர் எங்கம்மா? வெரசா வந்து ஒக்காரச் சொல்லுங்க" என்றார்.

"குடிக்கிறது நாந்தாங்க" என்றேன். உள்ளே ஒருவன் சிரித்தான்.

பூண்டுக் காட்டில் வேலை செய்தபோது குளிருக்கென்று முதலாளி நம் இருவருக்கும் ஒரே பாட்டிலிலிருந்துதான் ஊற்றிக் கொடுத்தார். நீங்கள் குடித்தால் அசதிக்கு, நான் குடித்தால் அசிங்கம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கன்னிவாடிக்குப் போயும் உங்களுக்கு அசதி தீரவில்லையாம்.

சிரித்தவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அடுத்த வாரமும் போவேன். வாசலில் நின்றவர் கேட்டதில் தப்பில்லை. நீங்களும் வர வேண்டியவர்தான்.

அம்மா செத்துவிட்டாள் என்று பாப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறீர்களாம்.

உயிரோடிருக்கும்
பாப்பாவின் அம்மா