கல்கத்தாவுக்கு இன்னும் எழுதவில்லை, மாப்பிள்ளை

எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு, என் தங்கை சரசுவின் பழனிச்சாமிக்கு,

நீங்கள் போய் இன்றோடு இருபத்துமூன்று நாள். காரியமெல்லாம் முறைப்படி முடிந்தது. கம்பெனி ஓடுகிறது. நீங்கள் கடைசியாக எண்ணெய் விட்ட மூன்றாம் நம்பர் மெஷின் ஒரு முனகல் இல்லாமல் பனியன் துணி பின்னிக்கொண்டிருக்கிறது. குன்னத்தூர்ச் சொந்தங்கள், பல்லடத்துப் பங்காளிகள் எல்லோருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லியாகிவிட்டது. கல்கத்தாவில் நம் பனியனை வாங்கும் சேட்டுக்கு மட்டும் நான் இன்னும் எழுதவில்லை.

சரசு தினமும் கேட்கிறாள். காலையில் காபித் தம்ளரை வைத்துவிட்டு, "ஏனுங்ணா, சேட்டுக்கு எழுதிப் போட்டீங்களா? அவரோட அம்மாளுக்குத் தெரியாமயே இருக்கக் கூடாதுங்ணா" என்கிறாள். எழுதுகிறேன் என்று தலையை ஆட்டுகிறேன். பி.ஏ. படித்து, உடுமலைப்பேட்டையில் பன்னிரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவனுக்கு நாலு வரி எழுத வரவில்லை. உங்களுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும்.

தந்தியாவது கொடுக்கலாம் என்று தபாலாபீஸ் வரைக்கும் போனேன். தந்திப் பாரத்தை வாங்கி, காலமானார் என்பதற்கு 'எக்ஸ்பயர்டு' என்று எழுதினேன். அந்தச் சொல்லைப் பார்த்ததும் உங்களுக்கு ஞாபகம் வருவதுதான் எனக்கும் வந்தது. பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியாதா? சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் இல்லாமல் வெளியே கிளம்பாதவன். யாராவது 'ரிட்டர்ன் பேக்' என்றால் எனக்குப் பல் கூசும். 'கசின் பிரதர்' என்றால் அந்தப் பிரதரையே பிடிக்காமல் போய்விடும். கல்யாணப் பத்திரிகையில் இங்கிலீஷ் தப்பாக இருந்தால் திருத்தி வைத்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவேன். தலைமையாசிரியரின் சுற்றறிக்கையைத் திருத்தி அவர் மேஜைமேலேயே வைத்து, அதனாலேயே வேலையை விட்டு வந்தவன். இப்படி ஒரு வீம்புக்காரனை, "வாங்க மச்சா, நம்ம கம்பெனில கடுதாசியெல்லாம் நீங்க பாத்துக்குங்க" என்று கூப்பிட்டுக்கொண்டீர்களே, எந்தத் தைரியத்தில் கூப்பிட்டீர்கள்?

முதல் நாளே கல்கத்தா ஃபைலை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சேட்டுக்கு எழுதிய கடிதங்களின் நகல். 'சேட்டு சார், ரெயின் கம் சார். பல்லடம் வெல் ஃபுல் சார். சரசு பேபி பாய் சார். மதர் ஐ குட் சார்?' இப்படி ஒரு பக்கம் முழுவதும் போய், அடியில் ஒரே ஒரு வரியில் எத்தனை டஜன் பனியன் ரயிலில் ஏற்றியிருக்கிறது என்ற விவரம். எனக்குத் தலை சுற்றியது. இந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டா அத்தனை தூரத்தில் இருக்கிற ஒரு பெரிய வியாபாரியிடம் இவர் இத்தனை வருஷம் ஏவாரம் பண்ணினார் என்று நினைத்தேன். வெட்கமாகக் கூட இருந்தது.

நீங்கள் அஞ்சாவது வரைக்கும் படித்தவர். மெஷின் ஃபிட்டராக இருந்தபோது ஊசிப் பெட்டியின் மேல் இருந்த எழுத்தையும், மெஷினோடு வந்த புத்தகத்தையும் பார்த்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். அது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கடிதம் எழுதும் முறையை அதற்கு முன் பார்த்ததில்லை. காலையில் மெஷின்களை ஓடவிட்டுவிட்டு, கட்டிங் மேஜையில் ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டு உட்காருவீர்கள். எதிரில் சேட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி முதலில் தமிழில் பேசுவீர்கள். "ஏனுங்க சேட்டு, நல்லாருக்கீங்ளா? மழை பேஞ்சுதுங்க." அப்புறம் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எழுதுவீர்கள். வாயில் வந்த ஒவ்வொரு 'ங்க'வுக்கும் ஒரு 'சார்' போட்டுவிடுவீர்கள். நம் ஊரில் கூப்பிட்டு உட்காரவைத்து, வீட்டில் எல்லோரையும் விசாரித்து, தண்ணீர் கொடுத்த பிறகுதானே வந்த காரியத்தைக் கேட்போம்? அதையே காகிதத்திலும் செய்துகொண்டிருந்தீர்கள். எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் ஒரு பக்கத்தில் பதினேழு 'சார்' என்பதுதான்.

அன்றிலிருந்து நான் எழுதினேன். அப்பழுக்கில்லாத கடிதங்கள். 'தங்கள் கடிதம் கண்டோம், சரக்கு அனுப்பியுள்ளோம்' என்ற தோரணையில் நறுக்கென்று நாலு வரி. நீங்கள் பெருமையாக வாங்கிப் பார்த்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டீர்கள். ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டீர்கள்.

"மச்சா, அந்தம்மாளுக்குக் கண்ணு எப்படியிருக்குதுன்னு கேட்டுப் போட்டீங்ளா?"

"யாவாரக் கடுதாசில அதெல்லாம் எழுதக் கூடாதுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"செரீங்க" என்று எழுந்து போய்விட்டீர்கள்.

சேட்டின் பதில் முதலில் சுருங்கியது. பிறகு நின்றே போனது. ஆடி பிறந்தால் வந்துவிடும் துர்கா பூஜை சீசன் ஆர்டர் அந்த வருஷம் வரவில்லை. பின்னித் தைத்த பனியன் அட்டைப் பெட்டிகளில் கூரை வரைக்கும் நின்றது. செக்கிங் பார்க்கும் பெண்களை மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பினோம். அவர்கள் காலியான சோற்றுத் தூக்குப் போசியோடு தலை குனிந்து போனதை நீங்கள் வாசலில் நின்று பார்த்தீர்கள். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆவணியில் ஒரு நாள் காலை கம்பெனி வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. வெள்ளை வேட்டி, கறுப்புக் குல்லாய், கையில் ஒரு துணிப்பை. கல்கத்தாவிலிருந்து ரயிலில் மூன்று நாள் உட்கார்ந்து வந்த சேட்டு. உள்ளே வந்தவர், உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். கண் கலங்கியிருந்தது.

"பழனிச்சாமி பாபு, வென் எக்ஸ்பயர்?"

மாப்பிள்ளை, இதை இதுவரைக்கும் உங்களிடம்கூட நான் சொன்னதில்லை. அந்த நிமிஷம் எனக்கு முதலில் தோன்றியது அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும் என்பதுதான். என் புத்தி அப்படி.

அதற்குள் மூன்றாம் நம்பர் மெஷினுக்குப் பின்னாலிருந்து கை முழுக்க எண்ணெயோடு நீங்கள் வந்தீர்கள். அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, இருந்தாலும் அவருக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அப்படியே துணி உருளைமேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நீங்கள் எண்ணெய்க் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள்.

கொஞ்சம் தெளிந்த பிறகு அவர் சொன்னார். உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் அதைத் தன் தாயாருக்கு அவர்கள் பாஷையில் படித்துக் காட்டுவாராம். கண்ணில் புரை விழுந்து வீட்டோடு கிடந்த அந்த அம்மாவுக்குப் பல்லடத்துக் கிணறு தெரியும், சரசுவின் பிரசவம் தெரியும். கல்கத்தாவில் மழை பெய்தால் பழனிச்சாமி ஊரிலும் பெய்திருக்குமா என்று கேட்பார்களாம். என் கடிதம் மூன்று வந்ததும், கண்ணைப் பற்றி ஒன்றுமே இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறார். அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தால் என் கண்ணைக் கேட்காமல் இருக்கமாட்டான், போய்விட்டான், நீ போய் அவன் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்து இருக்கிறதே என்று இவர் சொன்னதற்கு, யாரோ போட்டுவிட்டார்கள் என்றார்களாம். துணிப்பையில் இருந்தது, உங்கள் பழைய கடிதங்கள் அத்தனையும். சரசுவிடம் கொடுக்கக் கொண்டுவந்திருந்தார்.

பிறகு நீங்கள் இரண்டு பேரும் கட்டிங் மேஜையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பேசினீர்கள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு வாக்கியமாவது முழுசாக இருந்ததா? 'மதர் டாக்டர் கோ?' 'நோ கோ பாபு, ஃபியர்.' 'நோ ஃபியர் சார். மை மதர் ஸேம் ஐ. டாக்டர் கட். நவ் நீடில் த்ரெட் சார்.' உங்கள் தாயார் புரை எடுத்த பிறகு ஊசியில் நூல் கோத்த கதையை இப்படி மூன்று வரியில் சொல்லி முடித்தீர்கள். அவர் எழுந்து உங்களைக் கட்டிக்கொண்டார். நான் படித்த இங்கிலீஷில் அந்தப் பேச்சுக்குள் நுழைய எனக்கு வழியே இல்லை.

ஊருக்குப் போனதும் அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது, பார்வை வந்தது, ஆர்டரும் வந்தது. அதற்கு அப்புறம் கல்கத்தாக் கடிதத்தை நான் தொடவில்லை. உறைமேல் விலாசம் மட்டும் என் வேலை. கண் சரியாகி இத்தனை வருஷம் ஆகியும் நீங்கள் கேட்பதை நிறுத்தவே இல்லை.

இதுவரை எழுதி வைத்து நாலு நாள் ஆயிற்று, மாப்பிள்ளை. முந்தாநாள் சேட்டின் கடிதம் வந்துவிட்டது. 'பாபு, ஒன் மன்த் நோ லெட்டர். மதர் ஆஸ்க்கிங் டெய்லி.' இனியும் தள்ளிப்போட முடியாது என்று உட்கார்ந்தேன். உங்களை மாதிரியே எழுதினால் அந்த அம்மாவுக்கு அதிர்ச்சி குறையும் என்று நினைத்தேன். நாலு தாள் கிழித்தேன் மாப்பிள்ளை. உங்கள் 'சார்' என் கையில் வந்தால் கிண்டல் பண்ணுவதுபோல இருக்கிறது. ஆயுசு முழுக்கத் திருத்திக்கொண்டே இருந்த எனக்கு, நீங்கள் எழுதிய ஒரு வரியைப்போல ஒரு வரி எழுதத் தெரியவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இல்லை, பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. நான் பிழையில்லாமல் எழுதினால் நீங்கள் இல்லை என்று அந்த வீட்டுக்கு அர்த்தம். ஒரு தடவை அப்படித் தெரியாமல் தப்பாகச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அது நிஜம். அதனால் என் இங்கிலீஷிலேயே எழுதினேன். ஆனால் முதல் வரி வேறு. 'அம்மாவின் கண் எப்படி இருக்கிறது?' அடுத்து, பல்லடத்தில் மழை, கிணறு நிறைந்திருக்கிறது. சரசுவின் பெரியவன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போகிறான். அதெல்லாம் சொன்ன பிறகுதான் உங்கள் செய்தி.

சரசுவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "மொத வரி அவிய கேக்கறாப்பலயே இருக்குதுங்ணா" என்றாள்.

இன்று காலை நானே போய்த் தபாலில் சேர்த்துவிட்டேன். இனி இந்தக் கம்பெனியிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் எந்தக் கடிதமும், அந்த அம்மா இருக்கிற வரைக்கும், அவர்கள் கண்ணைக் கேட்காமல் தொடங்காது. நான் இருக்கிறேன், கேட்பேன்.

பெட்டியில் போடும் முன் உறையைப் பிரித்து, அடியில் ஒரே ஒரு சொல் சேர்த்தேன் மாப்பிள்ளை. 'சார்.'

உங்கள் சரசுவின் அண்ணன்,
உங்கள் மச்சான்.