கூடமும் கோணல்தான்

அன்புள்ள மதிலுக்கு,

இங்கே நான், நம் வாண்டு, மாடியில் உன் அக்கா, மூவரும் நலம். நீ நலமாக இல்லை என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. கோலுக்கு முன்னால் மதில் மாதிரி நிற்கிறாய் என்று உங்கள் அணிப் பெண்கள் வைத்த பெயர் இனி வேண்டாம் என்றாய். எனக்கு வேறு பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது, பொறுத்துக்கொள்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது நம் இருவரில் ஒருவர் எப்போதும் அரைத் தூக்கத்தில் இருக்கிறோம். நீ தெளிவாகப் பேசினால் நான் கொட்டாவி விடுகிறேன். நான் தெளிவாக இருந்தால் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கடைசியாகப் பேசியபோது, அடுத்த ஆட்டம் முடிந்ததும் கோச்சிடம் போய், "நான் இனிமே ஆடல, வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லப்போவதாகச் சொன்னாய். நான் "சரி" என்றேன். அது பதில் இல்லை, தூக்கக் கலக்கம். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. உங்கள் பிசியோ விடுப்பு முடிந்து நாளை அங்கே கிளம்புகிறார். ஆட்டத்துக்கு முன்பே இந்தக் கடிதத்தை உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டு என்ன முடிவு வேண்டுமானாலும் எடு.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. ஊரார் வீட்டு லிஃப்டை எல்லாம் சரி செய்பவன் வீட்டில் ஒரு குழாயைச் சரி செய்ய ஆளில்லை என்று உன் அக்கா தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் காபி குடிக்கிறாள். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பல் டாக்டர். கதவைத் திறந்து கைகொடுத்து இறக்கினேன். வெளியே வந்தவர் நன்றி சொல்லவில்லை. "உங்க வீட்டம்மா ஏன் சார் அந்தச் சப்பப் பந்த விட்டாங்க?" என்று கேட்டார். நேர வித்தியாசம் என்றேன். "பந்துக்கு எந்த ஊரு நேரம்னு தெரியுமா என்ன?" என்று சொல்லிச் சிரித்தார். அவரை இன்னும் கொஞ்சம் உள்ளேயே விட்டிருக்கலாம்.

ஆனால் அவர் சொன்னதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். முதல் ஆட்டம் தோற்ற மறுநாள் விளையாட்டுப் பக்கத்தில், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று தலைப்புப் போட்டு ஒருவர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். எழுதியவர் படமும் போட்டிருந்தது. உன் அக்கா அந்தத் தாளை வெங்காயக் கூடைக்கு அடியில் விரித்துவிட்டாள். படம் மேல் பக்கம் இருக்கிற மாதிரி பார்த்து விரித்தாளாம், வெங்காயத் தோல் நேரே அவர் தலையில் விழட்டும் என்று.

அந்த ஆள் கேட்டதில் ஒரு கேள்வியை என்னாலும் தள்ள முடியவில்லை. போன வருடம் இதே அணி இதே தூரம் பறந்து இங்கே வந்து நம்மை அடித்துவிட்டுப் போனதே, அவர்களுக்கு மட்டும் உடம்பு இல்லையா என்று. பிசியோவிடம் கேட்டேன். அவர்கள் பல நாள் முன்னாலேயே வந்து இங்கே தூங்கிப் பழகினார்களாம். நம் சங்கமோ ஆட்டத்துக்கு முந்தின நாள் உங்களைக் கொண்டுபோய் இறக்குகிறது. அதோடு, அவர்கள் மேற்கே வந்தார்கள், பொழுது நீண்டது. நீங்கள் கிழக்கே போனீர்கள், ராத்திரியைப் பாதியில் பிடுங்கிவிட்டார்கள். தூக்கத்தைத் தள்ளிப்போடலாம், வராத தூக்கத்தை முன்கூட்டி வரவழைக்க முடியாது என்றார். சொன்னது புரிந்தது. ஆனாலும் நான் முழுசாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. சப்பைப் பந்து சப்பைப் பந்துதானே என்று மனசின் ஒரு மூலையில் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன முறை நீ வெளிநாட்டு ஆட்டங்களுக்கு நடுவில் வீட்டுக்கு வந்து, படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வாண்டு பள்ளியிலிருந்து வந்து, நீ பறந்து பந்தைப் பிடிக்கிற மாதிரி வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நீ எழுந்தபோது அவள் பள்ளிக்குப் போயிருந்தாள். அவள் வந்தபோது நீ மறுபடி தூங்கியிருந்தாய். கடைசியில் அவள் உன் அக்காவிடம் போய், "அம்மா தூங்கறதுக்குத்தான் வீட்டுக்கு வராங்க பெரியம்மா, ஓட்டல் மாதிரி" என்றாள். அதைக் கதவுக்குப் பின்னால் நின்று நீ கேட்டுத் தொலைத்தாய். அதன் பிறகு அவள் போனில் உன்னோடு பேசவும் இல்லை. அதனால்தானே எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பி, இரண்டாவது ஆட்டத்தைப் பார்க்க வரச்சொன்னாய்.

அங்கே நடந்ததில் நீ பார்த்தது ஒன்றே ஒன்று. பெனால்டி. பந்து மூலைக்குப் போனது, நீ அதற்கு முன்னால் மூலைக்குப் போயிருந்தாய். மைதானமே எழுந்து நின்றது. நான் எழவில்லை, எழ முடியவில்லை. முன்வரிசைக்காரர் முழங்கைக்கு அடியில் குனிந்து அதைப் பார்த்தேன். நீ எழுந்து நேரே எங்கள் பக்கம் திரும்பினாய். வாண்டு என் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நீ பார்ப்பதை நான் பார்த்தேன். கையுறையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போய் நின்றாய். ஆட்டம் முடிந்து வாசலில் அவள் அழுதுகொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என் வாழ்க்கையிலயே உருப்படியா பிடிச்சது அது ஒண்ணுதான். அவளுக்கு அது தேவைப்படல" என்று போனில் சொன்னாய்.

தேவைப்படவில்லையா? உட்கார்ந்ததிலிருந்து அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கண் சொக்கும்போதெல்லாம் பாட்டில் தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டாள், பக்கத்தில் இருந்தவர் சட்டையெல்லாம் ஈரம். "அப்பா, கிள்ளுங்க" என்றாள். கிள்ளினேன். "இன்னும் பலமா" என்றாள். இடைவேளை வரை நின்றுகொண்டே பார்த்தாள். அதற்குப் பிறகு என்னால் எழுப்ப முடியவில்லை. பெனால்டி என்றதும் உலுக்கினேன், தூக்கி நிறுத்தினேன். ஒரு கண்ணைத் திறந்து என்னை யாரோ எவரோ மாதிரி பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். மைதானமே கத்தும் அந்தச் சத்தத்தில் ஒரு குழந்தை அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. வாசலில் அவள் அழுதது உன் மேல் கோபத்தில் இல்லை. எழுப்பவில்லை என்று என் மேல், தூங்கிவிட்டோமே என்று தன் மேல்.

ஊர் திரும்பியதும் கூத்து தொடர்ந்தது. பால் கிண்ணத்துக்குள் தலை கவிழ்ந்தாள். பள்ளியில் வரிசையில் நின்றபடியே தூங்கி முன்னால் இருந்தவள் மேல் சாய்ந்தாள். எனக்கும் ஏறக்குறைய அதே கதிதான். பழுது பார்க்கப் போன லிஃப்டுக்குள் நானே உட்கார்ந்து கண்ணசந்து, என்னை எழுப்ப வாட்ச்மேன் வரவேண்டியதாயிற்று. ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, வீட்டில் டிவி அதிகமோ என்று விசாரித்தார். விவரம் சொன்னேன். அப்போதுதான் அவர் இன்னொன்றைச் சொன்னார். வகுப்பில் ஒரு பெண் வாண்டிடம், "உங்கம்மா தூங்கிட்டே நின்னாங்களாம், அதான் கோல் போச்சாம், எங்கப்பா சொன்னாரு" என்றிருக்கிறாள். அடிதடி ஆகும் என்று ஆசிரியை பயந்திருக்கிறார். இவள் அடிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம், "நீ பிளேன்ல போயிருக்கியா?" என்று கேட்டாளாம். இல்லை என்றதும், "போய்ப் பாரு. கண்ணு தானா மூடிக்கும். நான் தண்ணியெல்லாம் அடிச்சுப் பார்த்தேன், முடியல. எங்கம்மா அதே கண்ண வெச்சுக்கிட்டுதான் பந்தப் பிடிக்கிறாங்க" என்றாளாம்.

அந்த அரைப் பக்கக்காரர் சொன்னது பழமொழி. கூடத்துக்குள் போய்ப் பார்த்து வந்தவள் இவள். கூடமும் கோணல்தான், மதில். அதில் நின்றுதான் நீ ஆடுகிறாய்.

அதோடு விட்டாளா? என் கறுப்பு மழைக்கோட்டை எடுத்து நம் படுக்கையறை ஜன்னலில் துணி கிளிப் போட்டு மாட்டிவிட்டாள். வெளிச்சம் துளி வரக்கூடாதாம். கதவில் ஒரு காகிதம்: "அம்மா தூங்குறாங்க. சத்தம் போடாதீங்க." ஒட்டின நாளிலிருந்து நான் கூடத்து சோபாவில் படுக்கிறேன். இந்தக் கூடம் நேராகத்தான் இருக்கிறது, சோபாதான் கோணல். உன் அக்கா மிக்சி போட்டதற்குத் திட்டு வாங்கினாள். "உங்கம்மாதான் இன்னும் வரவே இல்லையேடி" என்று கேட்டதற்கு, "நாம இப்பவே பழகிக்கணும்ல" என்று பதில். ஆளில்லாத அறைக்காக மூன்று பேர் விரல் நுனியில் நடக்கிறோம். நீ வந்துவிட்டாயா என்று எதிர்வீட்டுக்காரர் ரகசியக் குரலில் கேட்கிறார்.

ஆடுவதும் விடுவதும் உன் இஷ்டம். முட்டி வலிக்கிறது, போதும் என்றால் விடு. கோச்சைப் பிடிக்கவில்லை என்றால் விடு. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன், அதற்காக வேண்டுமானாலும் விடு. வாண்டுக்காக மட்டும் விடாதே. அவள் அதைக் கேட்கவில்லை.

அவள் கேட்டது ஒன்றுதான். அந்த பெனால்டியை எப்படிப் பிடித்தாய் என்று ஒரு தடவை செய்து காட்டவேண்டுமாம். அதற்காகப் பந்தைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அறை இருட்டாக இருக்கும், பந்து இடறப்போகிறது, பார்த்து நட. வந்ததும் காட்டவேண்டும் என்று அவசரமில்லை. நாங்கள் காத்திருக்கப் பழகிவிட்டோம். முதலில் நன்றாகத் தூங்கு.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே சத்தம் போடாமல் இருக்கும்
உன் லிஃப்ட்காரன்