உன் கட்டைவிரல் ரேகை

நேற்று பதிவு அலுவலகத்தில் என் இடது கட்டைவிரலில் மை தடவினார்கள். கண் மங்கல், கை நடுக்கம். வீட்டை மகன் பெயருக்கு எழுதும் பத்திரத்தில் ரேகைதான் வைக்க வேண்டியிருந்தது. மையின் நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாற்பதுகளில் ஒரு சித்திரை மாதம். மாம்பலத்துத் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் உன் ஜட்காவும், நீ 'நைனா' என்று கூப்பிட்ட கிழட்டுக் குதிரையும் நிற்கும். புதிதாகக் கார் வாங்கிய ஒருவர், ஜட்கா அங்கே நிற்கக் கூடாதென்று நகரசபைக்கு எழுதிப் போட்டார். குடியிருப்போரின் சம்மதம் கேட்டுவர அங்கே குமாஸ்தாவாக இருந்த என்னை அனுப்பினார்கள். இருபத்திரண்டு வீடு. வெயிலில் நடக்கச் சோம்பல்பட்டு உன் வண்டியிலேயே ஏறிக்கொண்டேன்.

"இன்னா சார் காயிதம்?" என்றாய். குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கேட்டு நீ அலைந்தது எனக்குத் தெரியும். "தொட்டி விஷயம்தான்" என்றேன். உண்மையைச் சொன்னால் இறக்கிவிட்டுவிடுவாயே என்ற பயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அதற்கப்புறம் நீ சும்மா இருந்தாயா? ஒவ்வொரு வாசலிலும் எனக்கு முந்திக்கொண்டு குரல் கொடுத்தாய்.

"அம்மா, சார் வந்துகீறாரு! ஒரு கையெய்த்துப் போடுங்கம்மா, புண்ணியமாப் போவும்!"

வக்கீல் வீட்டம்மாளைக் கொட்டும் மழையில் பிரசவத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நீ. அந்த அம்மாள் காகிதத்தைப் படித்தாள், உன்னைப் பார்த்துச் சிரித்தாள், கையெழுத்துப் போட்டாள். "நல்லவன்தான், பாவம். ஆனா குதிரை லத்தி நாத்தம் தாங்கலை" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். காகிதத்தில் இருப்பதை உன்னிடம் சொல்ல இருபத்திரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அத்தனை இங்கிதமான மனிதர்கள்.

கடைசியில் நீயே கேட்டாய். "நானும் இந்தத் தெருலதானே சார் கீறேன்? என் ரேகையும் வெச்சுக்கோ. இன்னா எய்திக்கீதுன்னு ஒருவாட்டி படியேன்."

கதவிலக்கம் இல்லாதவன் குடியிருப்போரில் சேர்த்தி இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, வை" என்றேன். எனக்குச் சிரிப்பு வேறு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பத்தே நாளில் போலீஸ்காரர் என்னையும் அழைத்துக்கொண்டு வந்து நைனாவைக் கட்டும் முளையைப் பிடுங்கினார். "தொட்டிக்கு எய்திக்கினு போயிருக்காரு சார்!" என்று நீ என்னைக் காட்டி மல்லுக்கு நின்றாய். அவர் காகிதத்தைப் பிரித்து உன் ரேகையைக் காட்டினார். நீ உன் கட்டைவிரலைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "சரி சார்" என்றாய். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

நிழலே இல்லாத ரயிலடிக்கு உன்னை விரட்டினார்கள். ஆனி முடிவதற்குள் நைனா நடுரோட்டில் விழுந்து செத்தது. நீ கை ரிக்ஷா இழுத்தாய். வக்கீல் வீட்டம்மாள் அதிலும் சவாரி போனாள். அடுத்த வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீயும் போய்விட்டாய். மரத்தடியில் கார் நின்றது.

நேற்று ரேகை வைக்குமுன் பத்திரத்தை ஒருமுறை படிக்கச் சொன்னேன். "எல்லாம் சரியாத்தான் இருக்குப்பா, வைங்க" என்றான் மகன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இத்தனை வருஷம் உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான். அதையே அவனிடம் சொன்னேன்.

"சரி."